லிங்கன் குடும்பம் நகர்ந்த வழி: அமெரிக்க முன்னோடிக் குடும்பங்களின் வேர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் மேற்கே மேற்கே என்று நகர்ந்துபோன ஒரு முன்னோடிக் குடும்பத்தின் வேரைத் தேடுவது இன்று மிகச் சுலபமான வேலைபோலத் தெரியும். இணையத்தில் ஒரு பெயரைத் தட்டினால் பத்துத் தலைமுறை வம்சாவளி வந்து நிற்கும். அதில் எது ஆவணத்தைப் பார்த்து எழுதியது, எது யாரோ ஊகித்ததைப் பலர் அப்படியே நகலெடுத்தது என்பது மட்டும் தெரியாது. அமெரிக்கக் குடும்பங்களில் சம்பந்தம் செய்துகொண்ட தமிழர்களில் சிலர், பேரப்பிள்ளைகளுக்காக அந்தப் பக்கத்து வேரையும் எழுதிவைக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. அவர்கள் எங்கெல்லாம் சறுக்கக்கூடும் என்பதை ஆபிரகாம் லிங்கனின் குடும்பத்தை வைத்தே சொல்கிறேன். அவர் ஜனாதிபதி ஆனதால்தான் அந்தக் குடும்பம் நமக்குத் தெரிகிறது. மற்றபடி, உழவும் கைத்தொழிலுமாகப் பல தலைமுறைகள் நிலம் தேடி நகர்ந்துகொண்டே இருந்தவர்கள் அவர்கள்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். சாமுவேல் லிங்கன் 1637இல் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸின் ஹிங்கம் பகுதிக்கு வந்தார். அவருடைய பேரன் மோர்டெகாய் நியூஜெர்சி வழியாகப் பென்சில்வேனியா போனார். மோர்டெகாயின் மகன் ஜான் 1768இல் வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்குக்குப் போனார். ஜானின் மகன் கேப்டன் ஆபிரகாம் 1780களின் தொடக்கத்தில் கென்டக்கி போய், 1786இல் பூர்வகுடிகளின் தாக்குதலில் கொல்லப்பட்டார். அவர் மகன் தாமஸ் 1816இல் இண்டியானாவுக்கும் 1830இல் இல்லினாய்ஸுக்கும் போனார். தாமஸின் மகன்தான் ஜனாதிபதி.

பெயர் ஒத்துப்போனால் உறவு என்று முடிவு கட்டுவது

மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். லிங்கனிடமே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. 1859இல் தன் வாழ்க்கைக் குறிப்பைக் கேட்ட நண்பர் ஜெஸ்ஸி ஃபெல்லுக்கு அவர் எழுதினார்: எங்கள் முன்னோர் பென்சில்வேனியாவிலிருந்து வர்ஜீனியா வந்தவர்கள், நியூஇங்கிலாந்து லிங்கன்களோடு எங்களைச் சேர்த்துப் பார்க்கும் முயற்சியும் நடந்தது, ஆனால் இரண்டு குடும்பங்களிலும் ஈனாக், லீவாய், மோர்டெகாய், சாலமன் போன்ற பெயர்கள் வருகின்றன என்பதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. அத்தோடு நிறுத்திக்கொண்டார். ஊகம் சரிதான் என்று பிற்காலத்தில் உயில்களையும் நிலப் பத்திரங்களையும் தலைமுறை தலைமுறையாகக் கோத்தபோது உறுதியானது. பெயர் ஒற்றுமை எங்கே தேட வேண்டும் என்று கை காட்டியது. உறவை நிரூபித்தவை ஆவணங்கள்.

ஒரே குடும்பத்திலேயே ஒரே பெயர் எத்தனை பேருக்கு இருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். தாமஸ் லிங்கன் கென்டக்கியில் வாழ்ந்த காலத்தில் அவருடைய சித்தப்பா ஒருவரும் தாமஸ் லிங்கன் என்ற பெயரோடு அதே கென்டக்கியில் இருந்தார். ஜனாதிபதியின் தாய் நான்சி ஹேங்க்ஸ். உறவினர் டென்னிஸ் ஹேங்க்ஸின் தாயும் நான்சி ஹேங்க்ஸ். பழைய ஆவணங்களில் பெயருக்குப் பின்னால் வரும் ‘ஜூனியர்’ என்பதும் மகன் என்றுதான் பொருள்பட வேண்டியதில்லை. ஊரில் அதே பெயரில் வயது முதிர்ந்த இன்னொருவர் இருந்தார், அவ்வளவுதான். இவர்களைப் பிரித்தறிய வயது, மனைவியின் பெயர், எல்லை நிலத்துக்காரர், சாட்சிக் கையெழுத்து எல்லாம் வேண்டும்.

இன்றைய வரைபடத்தை வைத்துத் தேடுவது

அமெரிக்காவில் உயில், பத்திரம், திருமணப் பதிவு எல்லாம் பெரும்பாலும் கவுன்டி அளவில்தான் இருக்கும். கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. எல்லைப்புறத்தில் ஆட்கள் பெருகப் பெருக, பெரிய கவுன்டியைப் பிய்த்துப் பிய்த்துப் புதிய கவுன்டிகள் உண்டாக்கினார்கள். பழைய ஆவணங்கள் பொதுவாகத் தாய்க் கவுன்டியிலேயே தங்கிவிட்டன. இது தெரியாமல் தேடி, ‘பதிவே இல்லை’ என்று திரும்பி வருபவர்கள் ஏராளம்.

மோர்டெகாய் வாழ்ந்த ஆமிட்டி இன்று பெர்க்ஸ் கவுன்டியில் இருக்கிறது. ஆனால் அவர் இறந்த 1736இல் பெர்க்ஸ் என்ற கவுன்டியே கிடையாது. அது 1752இல்தான் பிறந்தது. அவர் உயிலைத் தேட வேண்டிய இடம் பிலடெல்பியா. ஜான் 1768இல் வர்ஜீனியாவில் நிலம் வாங்கியபோது அது அகஸ்டா கவுன்டி. பத்து வருடம் கழித்துத்தான் ராக்கிங்கம் ஆனது. ஜனாதிபதி பிறந்த இடம் 1809இல் ஹார்டின் கவுன்டி, 1843 முதல் லரூ கவுன்டி. இண்டியானாவில் தாமஸ் குடியேறிய இடம் பெர்ரி கவுன்டியாக இருந்து 1818இல் ஸ்பென்சர் கவுன்டியானது. குடிசை நகரவே இல்லை, கவுன்டிதான் மாறியது. அடுத்தடுத்த ஆவணங்களில் வேறு வேறு கவுன்டி வருவதைப் பார்த்து, குடும்பம் இரண்டு முறை இடம்பெயர்ந்தது என்று எழுதிவிடுவார்கள்.

மாநிலங்களுக்கும் இதே கதைதான். 1792 வரை கென்டக்கி வர்ஜீனியாவின் பகுதி. 1790 வரை டென்னசி வடக்குக் கரோலினாவின் பகுதி; தனி மாநிலம் ஆனது 1796இல். மேற்கு வர்ஜீனியா 1863இல்தான் தனி மாநிலம் ஆனது. ஆகவே ‘வர்ஜீனியாவில் பிறந்தவர்’ என்று பதிவு இருந்தால் வர்ஜீனியா, கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா என மூன்று மாநிலங்களில் தேட வேண்டிவரலாம். சிகாகோவின் நியூபெரி நூலகம் தயாரித்த கவுன்டி எல்லை வரைபடத் தொகுப்பு இந்த வேலைக்கென்றே உருவானது. தேதியைக் கொடுத்தால் அன்றைய எல்லையைக் காட்டும். எந்த ஆவணத்தையும் தேடும் முன் அதைத் திறந்து பாருங்கள்.

வாழ்ந்த கவுன்டியில் மட்டும் தேடுவது இதன் தம்பித் தவறு. தாமஸுக்கும் நான்சிக்கும் முறையான திருமணமே நடக்கவில்லை என்று நெடுநாள் வதந்தி இருந்தது. தம்பதி குடியிருந்த ஹார்டின் கவுன்டியில் தேடியவர்களுக்குப் பதிவு கிடைக்காததும் அதற்கு ஒரு காரணம். பதிவு இருந்தது வாஷிங்டன் கவுன்டியில்: 1806 ஜூன் 12, பெண் வீட்டார் பக்கம். ஜனாதிபதி இறந்த பிறகுதான் அது வெளிச்சத்துக்கு வந்தது. கல்யாணம் பெண் வீட்டில் நடப்பது அங்கேயும் வழக்கம். திருமணத்துக்குத் தடை எதுவும் இல்லை என்று பிணை நின்று கொடுக்கும் திருமண உறுதிப் பத்திரத்தில் ரிச்சர்ட் பெர்ரி என்பவர் கையெழுத்திட்டிருக்கிறார். இப்படிக் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் பெண்ணின் உறவினராக இருப்பார். பெண்களின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல துப்பு சில சமயம் வேறு கிடைக்காது.

பட்டாத் தேதியைக் குடியேறிய தேதி என்று எடுத்துக்கொள்வது

மத்திய அரசு கொடுத்த நிலப் பட்டாக்கள் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பட்டா கிடைத்ததும் அந்த வருடம் அங்கே வந்தார்கள் என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். தாமஸ் இண்டியானா வந்தது 1816 முடிவில். வின்சென்ஸ் நில அலுவலகத்தில் பதிந்தது 1817 அக்டோபரில். 80 ஏக்கருக்குப் பட்டா கைக்கு வந்தது 1827இல். தவணை கட்டி முடிக்க அத்தனை காலம். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி 160 ஏக்கர் பெற்றவர்களும் ஐந்து வருடம் குடியிருந்து பயிரிட்ட பிறகே பட்டாவுக்குத் தகுதி பெற்றார்கள். அதற்கான விண்ணப்பக் கோப்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். எப்போது வந்தார், என்ன வீடு கட்டினார், எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் அதில் வரும். வெளிநாட்டில் பிறந்தவரென்றால் குடியுரிமைத் தாளும் சேர்ந்திருக்கும். பட்டாவோடு நிறுத்திக்கொண்டு இந்தக் கோப்பைக் கேட்டு வாங்காமல் விடுவதைத்தான் நான் பெரிய நஷ்டமாக நினைக்கிறேன்.

பட்டாவில் பெயர் இருந்தால் அங்கே வாழ்ந்தார் என்றும் பொருள் இல்லை. 1832ஆம் ஆண்டின் பிளாக் ஹாக் போரில் சேவை செய்ததற்காக ஆபிரகாம் லிங்கனுக்கு அரசு நிலம் கிடைத்தது. டாமா, கிராஃபோர்ட் என்ற இரண்டு அயோவா கவுன்டிகளில் அவர் பெயரில் நிலம் இருந்தது. அயோவாவில் அவர் ஒருநாளும் குடியிருந்ததில்லை. படைவீரர்கள் பலர் தங்கள் நிலச் சீட்டை விற்றேவிட்டார்கள். அப்போது பட்டாவில் படைவீரர் பெயரும் இருக்கும், வாங்கியவர் பெயரும் இருக்கும். யார் உங்கள் ஆள் என்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்லாததைச் சொன்னதாக நினைப்பது

1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே எழுதினார்கள். மற்றவர்கள் வயது வாரியாக வெறும் எண்ணிக்கை. 1850இல்தான் அடிமைகள் அல்லாத எல்லோருடைய பெயரும் வந்தது. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கேள்வி 1880 வரை இல்லை. 1820இல் தாமஸ் வீட்டை எண்ணியவர் கண்ணில் ஒரு கூட்டமே பட்டிருக்கும். ஆனால் நான்சி 1818இல் இறந்துபோக, தாமஸ் 1819 டிசம்பரில் கென்டக்கி திரும்பிப் போய் சாரா புஷ் ஜான்ஸ்டன் என்ற விதவையை மணந்து, அவருடைய மூன்று பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார். வளர்த்தவர்களை இழந்திருந்த டென்னிஸ் ஹேங்க்ஸும் அங்கேதான் இருந்தார். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இவர்களையும் தாமஸின் பிள்ளைகளாகச் சேர்த்துவிடுவார்.

வயதையும் அப்படியே நம்ப வேண்டாம். 1818இல் பிறந்த ஜனாதிபதியின் மனைவி மேரி லிங்கனுக்கு 1860 கணக்கெடுப்பில் வயது 35. அப்புறம், 1890 கணக்கெடுப்பு பெரும்பாலும் இல்லை: 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பாழாகி, எஞ்சியதும் பின்னர் அழிக்கப்பட்டது. இந்த இருபது வருட இடைவெளியை நிரப்ப கேன்சஸ், அயோவா போன்ற மாநிலங்கள் தாமே எடுத்த கணக்கெடுப்புகள் இருக்கின்றன. எந்த மாநிலத்திலிருந்து கேன்சஸ் வந்தீர்கள் என்றே 1885இல் கேட்டு எழுதியிருக்கிறார்கள். முன்னோர் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் என்றால், பெரும்பாலோரின் பெயர் கணக்கெடுப்பில் முதன்முதலில் வருவது 1870இல். அதற்கு முந்தைய தேடல் உரிமையாளர்களின் உயில், சொத்துப் பட்டியல் வழியாகத்தான் போக வேண்டும். மிகக் கடினமான தேடல் அது.

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லும் கதைகளைத் தள்ளிவிடக் கூடாது; ஆனால் காலத்தோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். ‘எல்லிஸ் தீவில் எங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள்’ என்பது அப்படியொரு கதை. கப்பலில் வந்த குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த அந்த நியூயார்க் துறைமுகத் தீவு திறந்தது 1892இல். அதற்கு இரண்டு தலைமுறை முன்பே ஒஹாயோவில் உழுதுகொண்டிருந்தவரின் பெயரை அங்கே மாற்றியிருக்க முடியாது. கிழக்கு அயோவா குடியேற்றத்துக்குத் திறக்கப்பட்டது 1833 ஜூனில், சாக், மெஸ்க்வாகி மக்களிடமிருந்து நிலம் பறிக்கப்பட்ட பிறகு. கேன்சஸ் 1854இல். அந்த நிலங்கள் ஆளில்லாமல் கிடந்தவை அல்ல. யாரிடமிருந்து, எந்த ஒப்பந்தத்தின் பேரில் எடுக்கப்பட்டன என்பதையும் சேர்த்து எழுதினால்தான் குடும்ப வரலாறு முழுமையாகும். அதோடு, ஒப்பந்தத் தேதி உங்கள் முன்னோர் வந்த காலத்துக்கு ஒரு கீழ் எல்லையும் தரும்.

கடைசியாக, ‘நீதிமன்றம் எரிந்துவிட்டது’ என்று கேட்டதும் கைவிடுவது. ராக்கிங்கம் கவுன்டி ஆவணங்களில் ஒரு பகுதி 1864இல் உள்நாட்டுப் போரின்போது எரிக்கப்பட்டது. ஆனால் வர்ஜீனியாவில் 1782 முதல் வருடாவருடம் எடுத்த வரிப்பட்டியலின் ஒரு பிரதி மாநிலத் தலைநகருக்குப் போனது. அது ரிச்மண்டில் இருக்கிறது. அதில் ஒரு பெயர் எந்த வருடம் காணாமல் போகிறது என்று பாருங்கள். பிறகு அந்த வருடமும் அதற்கு முந்தைய வருடமும் பதிவான கிரயப் பத்திரங்களில், எரியாமல் தப்பியவற்றையும் மறுபதிவு செய்தவற்றையும் புரட்டுங்கள். மேற்கே கிளம்பும் முன் நிலத்தை விற்றிருப்பார்கள். சொத்தில் மனைவிக்கும் உரிமை இருந்ததால் பல பத்திரங்களில் அவர் சம்மதமும் பெயரோடு பதிவாகியிருக்கும். அதே மாதத்தில் நிலம் விற்ற அண்டைவீட்டார் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். தனியாக யாரும் போகவில்லை. அடுத்த கவுன்டியில் அந்தப் பெயர்கள் பக்கத்துப் பக்கத்து நிலங்களில் மறுபடியும் தென்படும்.