கற்பூர மரமும் என் காரும்

கோத்தகிரியில் கற்பூர மரத்தடியில் 2 வருடம் நிறுத்தியதில், என் சிவப்பு காரின் பானெட் முழுக்கப் பிசின் புள்ளிகள். பெயிண்டும் மங்கிவிட்டது. குளிர் ஊர்தானே, வெயில் என்ன செய்யும் என்று இருந்துவிட்டேன். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

பிசினை முதலில் நகத்தால் சுரண்டிக் கீறல் போட்டேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியைச் சற்று நேரம் அதன் மேல் வைத்தால் தானாக இளகிவிடுகிறது. கழுவியபின், ஒட்டியிருப்பது தெரிய, கையில் பிளாஸ்டிக் பையை மாட்டித் தடவினேன், இன்னும் சொரசொரப்பு. சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் மாதிரியான கட்டியை (கிளே பார்) அழுத்தாமல் ஓட்டியதும் வழுவழுவென்று ஆனது.

மங்கலைப் போக்கத் தேய்க்கும் பசையான காம்பவுண்டு போடத்தான் பயம். பெயிண்டுக்கு மேலே உள்ள நிறமில்லாத பூச்சு, அதாவது கிளியர் கோட், சுமார் 50 மைக்ரான்தான், தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். விளிம்புகளில் டேப் ஒட்டிக்கொண்டேன். துணியில் சிவப்பு ஏறினால் கிளியர் கோட் போய்விட்டது, பெயிண்டரிடம்தான் போகவேண்டும். நல்லவேளை, ஏறவில்லை.

வாக்ஸில்தான் சொதப்பல். காலை 7 மணிக்குப் பூசினேன்; மஞ்சு ஈரத்தில் காயாமல் திட்டுத்திட்டாய் நின்றது. மறுநாள் 11 மணிக்கு மேல், பானெட்டை நன்றாகத் துடைத்துவிட்டு மெல்லிசாகப் பூசினேன். சரியாக வந்தது.

இப்போது மரத்தடியில் பக்கத்து வீட்டு அண்ணன் கார் நிற்கிறது. சொல்லிப் பார்த்தேன், சிரிக்கிறார்.