பாராலீகல் படிக்கிறீர்களா? முதலில் நாள் எண்ணப் பழகுங்கள்

கலிபோர்னியாவில், கம்யூனிட்டி காலேஜில் பாராலீகல் (வக்கீலின் மேற்பார்வையில் சட்ட வேலை செய்யும் உதவியாளர்) படிக்கும் மாணவர்கள் எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வருவார்கள். போன மாதம் வந்த பெண் காலண்டரில் ஒரு கெடுவைக் குறித்ததைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2013-ல் நான் செய்த அதே தவறு. அதையும், புதியவர்கள் செய்யும் இன்னும் நான்கு தவறுகளையும் இங்கே சொல்கிறேன்.

வந்த தேதியிலிருந்து எண்ணுவது

ஒரு வழக்கில் எங்கள் கட்சிக்காரர் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று எதிர்த்தரப்பு தபாலில் அனுப்பிய கேள்விகள் மார்ச் 6, புதன்கிழமை வந்தன. முதல் பக்கத்தில் ‘ரிசீவ்டு’ முத்திரையைக் குத்தினேன். அங்கிருந்து பதிலுக்கு 30 நாள், தபாலுக்கு 5 நாள் என்று எண்ணி ஏப்ரல் 10-ஐக் குறித்தேன். கடைசித் தாளைப் புரட்டவே இல்லை.

அந்தத் தாள்தான் ப்ரூஃப் ஆஃப் சர்வீஸ், அதாவது காகிதங்களை என்று, எப்படி அனுப்பினோம் என்று அனுப்பியவர் சத்தியம் செய்து கையெழுத்திடும் தாள். தபாலில் சேர்த்த தேதி மார்ச் 1 என்று அதில் இருந்தது. கணக்கு அங்கேதான் தொடங்கும். மார்ச் 1-ஐ விட்டுவிட்டு எண்ணினால் 30-வது நாள் மார்ச் 31. மாநிலத்துக்குள் வந்த தபால் என்பதால் 5 நாள் கூட்டினால் ஏப்ரல் 5. அந்த 5 நாளைக் கொடுப்பதே தபால் வந்து சேரும் தாமதத்துக்காகத்தான். வந்த தேதியில் தொடங்கி, அதன் மேலும் ஐந்தைக் கூட்டினால் ஒரே தாமதத்துக்கு இரண்டு முறை சலுகை எடுக்கிறீர்கள்.

ஏப்ரல் 9 அன்று பதில் அனுப்பினோம். நான்கு நாள் தாமதம். கெடு தவறினால், அந்தக் கேள்விகளுக்கு எதிராகச் சொல்லக்கூடிய ஆட்சேபணைகள் எல்லாமே போய்விடும். கட்சிக்காரர் தம் வக்கீலிடம் ரகசியமாகச் சொன்னதை வெளியிட மாட்டோம் என்ற ஆட்சேபணைகூட. எங்கள் வக்கீல் தனியாக மனுப் போட்டு அந்த உரிமையைத் திரும்ப வாங்கினார். மனுவோடு போன வாக்குமூலத்தில் என் தவறை நானே டைப் செய்தேன்.

எனக்கு இன்னும் ஆறாதது இதுதான்: பாடப் பயிற்சியில் ‘மார்ச் 1 அன்று அனுப்பப்பட்டது’ என்று கேள்வியிலேயே தேதியைக் கொடுத்துவிடுகிறார்கள். மேஜைக்கு வரும் காகிதக் கட்டில் அதை நீங்கள்தான் தேடி எடுக்க வேண்டும். ஃபெடரல் கோர்ட் என்றால் தபாலுக்குக் கூட்டுவது 3 நாள்தான், அதையும் கலந்துவிடாதீர்கள்.

ஏதோ ஒரு சான்றிதழ் போதும் என்று சேர்வது

இங்கே பாராலீகல் என்று சொல்லிக்கொள்ளவே சட்டத் தகுதி வேண்டும். அமெரிக்கன் பார் அசோசியேஷன் அங்கீகரித்த படிப்பா என்று பாருங்கள். இல்லையென்றால் சட்டப் பாடங்களில் குறைந்தது 24 செமஸ்டர் யூனிட் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். பட்டதாரிகளுக்கு வேலை அனுபவம் வழியாக வேறொரு பாதையும் உண்டு. சில வார ஆன்லைன் கோர்ஸ் இதில் எதிலும் சேராது.

உறவினருக்குச் சட்ட ஆலோசனை

கூடாது. ‘இந்த ஃபார்மைப் போடுங்க மாமா’ என்பதும் ஆலோசனைதான்.

சாட்ஜிபிடி சொன்ன வழக்குகள்

2023-ல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய, இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டித் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம். மேற்கோள் காட்டும் ஒவ்வொரு தீர்ப்பையும் எடுத்துப் படியுங்கள்.

தபாலில் சேர்க்கும் முன் ப்ரூஃப் ஆஃப் சர்வீஸில் கையெழுத்து

போடாதீர்கள். நாளை போஸ்ட் செய்யப்போவதை இன்றே செய்ததாக எழுதினால் அது பொய்ச் சத்தியம். எதிர்த்தரப்பில் இருக்கும் பாராலீகல் அந்தத் தேதியிலிருந்துதான் நாளை எண்ணுவார்.