28 மி.மீ. லென்ஸ் பொருத்திய சிறிய கேமராவை வாங்கும் முன் சோதிக்கும் முறை

கழற்றி மாற்றவோ ஜூம் செய்யவோ முடியாத ஓர் அகலக் கோண லென்ஸுடன் வரும் கேமராவை மதிப்பிடும்போது, மெகாபிக்சல் எண்ணிக்கையிலிருந்து தொடங்குவது தவறு. அந்த ஒரே பார்வைக் கோணத்தோடு பல ஆண்டுகள் படம் எடுக்கப் போகிறோம் என்பதால், நம் கண்ணும் காலும் அதற்கு ஒத்துவருமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். 2019இல் விற்பனைக்கு வந்த ரிக்கோ ஜிஆர் 3ஐ எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரும் (35 மி.மீ. ஃபிலிம் அளவான முழுச்சட்டகத்தைவிடச் சிறியது), முழுச்சட்டக அளவில் 28 மி.மீ.க்கு இணையான 18.3 மி.மீ. எஃப்/2.8 லென்ஸும் கொண்ட அதன் எடை, பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து 257 கிராம்தான்.

முதல் சோதனைக்கு இந்தக் கேமராவே தேவையில்லை. உங்களிடம் 18-55 மி.மீ. கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்த்து விற்கப்படும் ஜூம் லென்ஸ்) இருந்தால், அதை 18இல் நிறுத்தி, வளையம் நகராதபடி செல்லோடேப் ஒட்டிவிட்டு, இரண்டு வாரம் அதிலேயே படம் எடுங்கள். மூன்று மீட்டர் தூரத்தில் நின்றால் ஏறத்தாழ நான்கு மீட்டர் அகலம் சட்டகத்துக்குள் வந்துவிடும். நிற்கும் ஒருவரைச் செங்குத்துச் சட்டகத்தில் தலை முதல் கால் வரை நிரப்ப வேண்டுமானால், ஒன்றரை மீட்டர் வரை நெருங்கியாக வேண்டும். முன்பின் அறியாத ஒருவரிடம் அவ்வளவு அருகில் செல்லக் கூச்சப்படுபவருக்கு இந்த லென்ஸ் எவ்வளவு கூர்மையாக இருந்தும் பயனில்லை. இன்னும் நெருங்கி முகத்தை மட்டும் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் தெரியும் என்பதையும் அந்த இரண்டு வாரத்தில் கண்டுகொள்வீர்கள்.

கேமரா கைக்கு வந்ததும் செய்ய வேண்டியது சுவர்ச் சோதனை. நல்ல வெளிச்சமுள்ள சுவரில் ஐந்து செய்தித்தாள் பக்கங்களை, சட்டகத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் வருமாறு ஒட்டுங்கள். முக்காலியில் கேமராவைச் சுவருக்கு நேர் இணையாக நிறுத்தி, ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறனை 100இல் வைத்து, அதிர்வுத் தடுப்பை அணைத்து, இரண்டு விநாடி டைமர் வைத்து, எஃப்/2.8, 4, 5.6, 8 என ஒவ்வொரு அபர்ச்சரிலும் (லென்ஸில் ஒளி புகும் துவாரம்; எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்) ஒரு படம் எடுங்கள். பிறகு கணினியில் நூறு சதவீத அளவில் திறந்து, மூலைகளில் உள்ள சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். எஃப்/2.8இல் நான்கு மூலைகளும் ஒரே அளவில் சற்று மங்கி, அபர்ச்சரைக் குறைக்கக் குறைக்கத் தெளிந்தால், அது அகலக் கோண லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக மங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் அப்போதும் உடனே லென்ஸைக் குறை சொல்லிவிடக் கூடாது, ஏனெனில் கேமரா சற்றே சாய்ந்திருந்தாலும் இப்படித்தான் தெரியும். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி, மறுபடி இணையாக நிறுத்தி, இன்னொரு படம் எடுங்கள். முன்பு மங்கிய அதே செய்தித்தாள் பக்கமே மீண்டும் மங்கினால் பிழை நாம் நிறுத்திய விதத்தில் இருக்கிறது. அதற்குக் குறுக்கே எதிர்மூலையில் உள்ள பக்கம் மங்கினால் லென்ஸின் உள்கண்ணாடி அச்சு விலகியிருக்கிறது, தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

பழைய கேமரா வாங்குபவர்கள் தூசியைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். நான் முன்பு வாங்கிய ஒரு பழைய காம்பேக்ட் கேமராவில், வானத்தைப் படம் எடுத்த பிறகே ஒரு மூலையில் சாம்பல் நிறப் புள்ளி இருப்பதைக் கண்டேன். அதைச் சுத்தம் செய்ய உடலையே பிரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும் அமைப்பில், காற்றோடு தூசியும் உள்ளே செல்ல வழியுண்டு. ஆகவே பணம் கொடுக்கும் முன் எஃப்/16இல் வெள்ளைச் சுவரையோ மேகமூட்டமான வானத்தையோ ஃபோக்கஸ் இல்லாமல் எடுத்து, படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பாருங்கள்.

வேகத்தைக் கடை வெளிச்சத்தில் மதிப்பிட முடியாது. மாலையில், மஞ்சள் பல்பு எரியும் அறையில், நடந்து வருபவரை எடுத்துப் பாருங்கள். ஆட்டோ ஃபோக்கஸ் தடுமாறும் இடத்தில்தான் ஜிஆர் கேமராக்களின் ஸ்னாப் ஃபோக்கஸ் (முன்பே குறித்த தூரத்தில் ஃபோக்கஸை நிறுத்தும் வசதி) கைகொடுக்கிறது: தூரத்தை 2.5 மீட்டரிலும் அபர்ச்சரை எஃப்/8இலும் வைத்தால், சுமார் 1.1 மீட்டரிலிருந்து வெகுதொலைவு வரை தெளிவாக விழும், ஷட்டரை ஒரே அழுத்தாக அழுத்தினால் போதும். தெருவில் படம் எடுப்பவருக்கு இந்த ஒரு வசதியே இந்தக் கேமராவை வாங்கப் போதுமான காரணம் என்பது என் கருத்து.

வியூஃபைண்டரும் உள்ளமைந்த ஃப்ளாஷும் ஜிஆர் 3இல் இல்லை. நண்பகல் வெயிலில் திரையைப் பார்த்து உங்களால் சட்டகம் அமைக்க முடிகிறதா என்பதை வெளியே சென்று பாருங்கள். ஒரு பேட்டரிக்கு 200 படங்கள் என்பதே அறிவிக்கப்பட்ட அளவு, எனவே இன்னொரு பேட்டரியின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். படத்தின் ஓரங்களை 35 மி.மீ., 50 மி.மீ. கோணங்களுக்கு வெட்டித்தரும் வசதி இருந்தாலும், 24 மெகாபிக்சல் முறையே 15ஆகவும் 7ஆகவும் சுருங்கிவிடும். செல்லோடேப் ஒட்டி எடுத்த படங்களில் பாதிக்கு மேல் வெட்டத் தோன்றியிருந்தால், 2021இல் வந்த 40 மி.மீ. கோணமுள்ள ஜிஆர் 3எக்ஸை எடுத்து, அதே சுவரின் முன் நிறுத்திச் சோதியுங்கள்.