ரேம் கெட்டுவிட்டதா? வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி

டெஸ்க்டாப் சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆகிறது. ஒவ்வொரு முறையும் வேறொரு காரணம் சொல்லிப் புளூ ஸ்கிரீன் வருகிறது. புதிதாக இறக்கிய ஜிப் ஃபைலை விரித்தால் சிஆர்சி எரர் (ஃபைல் சிதைந்திருக்கிறது என்ற செய்தி). இப்படியெல்லாம் நடந்தால் ரேம் மேல் சந்தேகப்படலாம். பலர் வைரஸ் என்று நினைத்து முதலில் விண்டோஸைத் திரும்பப் போட்டுவிடுகிறார்கள். கெட்ட ரேமோடு இன்ஸ்டால் செய்தால் புது விண்டோஸின் ஃபைல்களும் சேர்ந்து கெடும்.

கம்ப்யூட்டர் மந்தமாக ஓடுவதை வைத்து மட்டும் ரேம் கெட்டது என்று சொல்ல முடியாது. அது ரேம் பற்றாக்குறையாக இருக்கலாம். கெட்ட ரேம் செய்யும் வேலை வேறு: நீங்கள் எழுதிவைத்த 0-வை 1 என்று திருப்பிக் கொடுக்கும்.

1. முதலில் பேக்கப், அப்புறம் பயாஸ்

முக்கியமான ஃபைல்களை வெளியே எடுத்து வையுங்கள். பிறகு பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) போய், ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள் (ஏஎம்டி போர்டுகளில் டிஓசிபி, எக்ஸ்போ என்ற பெயர்களிலும் இருக்கும்). டிடிஆர்4 என்ற தலைமுறை ரேமின் வழக்கமான மின்னழுத்தம் 1.2 வோல்ட். எக்ஸ்எம்பி போட்டால் பெரும்பாலும் 1.35-க்கு ஏற்றி, வேகத்தையும் கூட்டிவிடும். அணைத்ததும் தொல்லை நின்றால் ரேம் நல்லதாகவே இருக்கலாம். அந்த வேகம்தான் ஒத்துவரவில்லை.

2. விண்டோஸிலேயே இருக்கும் சோதனை

ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் ஆகி நீலத்திரை வந்ததும் எஃப்1 அழுத்தி 'எக்ஸ்டெண்டட்' தேர்ந்தெடுத்து எஃப்10 கொடுங்கள். பிழை காட்டினால் நேராக 4-ஆம் படிக்குப் போகலாம். காட்டவில்லை என்பதற்காக ரேமை நம்பிவிட வேண்டாம். இது தவறவிடுவதும் உண்டு.

3. மெம்டெஸ்ட்86+

ரேமைச் சோதிக்கும் இலவச மென்பொருள், விண்டோஸ் இல்லாமல் பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓடும். இதைப் போடும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதால் காலி பென் டிரைவாக எடுங்கள். பயாஸில் செக்யூர் பூட்டை (அனுமதி பெற்ற மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) அணைக்க வேண்டிவரலாம். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருப்பவர்கள் ரிக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் உள்ளே விடாமல் போகலாம்.

இரவு ஓடவிட்டுத் தூங்குங்கள். குறைந்தது நான்கு பாஸ் (முழுச் சுற்று) முடியட்டும். 'ஒரே ஒரு எரர்தானே' என்று தேற்றிக்கொள்ள வேண்டாம். ஒன்று வந்தாலே தோல்விதான்.

4. ரேமா, ஸ்லாட்டா?

எரர் வந்த உடனே கடைக்குப் போய்ப் புது ரேம் வாங்குவது அவசரம். குற்றவாளி ரேமா, மதர்போர்டில் அதைச் செருகும் ஸ்லாட்டா என்று இன்னும் தெரியவில்லை.

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே ரேமில் கை வையுங்கள். ஸ்லாட்டின் கிளிப்பை விலக்கினால் ரேம் வெளியே வரும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கிளிப் இருக்கும், மறுபக்கத்தை உடைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு ரேமிலும் காகிதம் ஒட்டி 1, 2 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தங்க நிறக் காலைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம்மூர் சர்வீஸ் கடைகளின் பழைய வைத்தியம். பலமுறை வேலை செய்யும், ஆனால் ரப்பர் துகள் ஸ்லாட்டில் விழக் கூடாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணி இன்னும் பாதுகாப்பு.

இப்போது 1-ஆம் ரேமை மட்டும் மேனுவல் சொல்லும் ஸ்லாட்டில் (நான்கு ஸ்லாட் போர்டுகளில் பெரும்பாலும் ஏ2, அதாவது பிராசஸரிலிருந்து இரண்டாவது) 'டக்' என்று கிளிப் விழும்வரை அழுத்தி மாட்டிச் சோதியுங்கள். அதை எடுத்துவிட்டு 2-ஆம் ரேமை அதே ஸ்லாட்டில். ஒன்றில் மட்டும் எரர் வந்தால் அந்த ரேம்தான் போயிருக்கிறது. இரண்டிலும் வந்து, வேறு ஸ்லாட்டில் இரண்டுமே தேறினால் கோளாறு ஸ்லாட்டில். எங்கே மாட்டினாலும் இரண்டிலும் வந்தால் மதர்போர்டு, பவர் சப்ளை, பிராசஸர் என்று தேட வேண்டும். தனித்தனியாக இரண்டுமே தேறிவிட்டால், சரியாக உட்காராமல் இருந்ததுதான் காரணமாக இருக்கலாம். இரண்டையும் மாட்டி இன்னொரு இரவு ஓட்டுங்கள்.

டிடிஆர்5 வைத்திருப்பவர்களுக்கு: ரேமை மாற்றிய பின் முதல் முறை ஆன் செய்தால் சில நிமிடம் திரை கருப்பாகவே இருக்கலாம். பயந்து பவரை அணைக்காதீர்கள்.

5. வாரண்டி

பல நிறுவனங்கள் ரேமுக்கு லைஃப்டைம் வாரண்டி தருகின்றன. பில்லோடு எரர் திரையையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஜோடியாக வாங்கியது என்றால் இரண்டையும் சேர்த்தே கேட்பார்கள். அதனால் மாற்று வரும்வரை ஓட்ட வேறொரு நல்ல ரேம் கையில் இருக்கட்டும்.