கெர்னலை நீங்களே கம்பைல் செய்கிறீர்களா? என்எஃப்எஸ் சர்வரை விட்டுவிடாதீர்கள்

சேலம் அம்மாபேட்டையில் என் மச்சான் பட்டுச்சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போடுகிறார். டிசைன் போட இரண்டு கணினிகள், கோப்புகளைச் சேர்த்து வைக்க மூலையில் ஒரு பழைய பெட்டி. மூன்றிலும் டெபியன் லினக்ஸ். கோப்புகள் பென்டிரைவில்தான் போய் வந்துகொண்டிருந்தன. ஒரே முந்தானைக்கு நான்கு பிரதிகள். எது கடைசியாகத் திருத்தியது என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் திருத்தாத முந்தானை கார்டு அடிக்கப் போய்விட்டது. நல்லவேளை, தறியில் ஏற்றும் முன் பார்த்துவிட்டார். அன்றைக்கே, ஒரு பெட்டியில் உள்ள கோப்புகளை நெட்வொர்க் வழியாக மற்ற கணினிகளும் பயன்படுத்த வைக்கும் என்எஃப்எஸ் போட்டுத் தருகிறேன் என்று உட்கார்ந்தேன்.

அந்தப் பெட்டியில் புதிதாகச் செருகிய லேன் கார்டுக்குச் சரியான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் புதிய பதிப்பில்தான் இருந்தது. அதனால் மூல நிரலிலிருந்து நானே கெர்னலைக் கம்பைல் செய்ய வேண்டியதாயிற்று. உங்களுக்கு அந்தத் தேவை இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம். கெர்னலில் எவையெல்லாம் சேர்ந்திருக்கின்றன என்று சொல்லும் கான்ஃபிக் கோப்பு பூட் அடைவில் இருக்கும், அதைத் திறந்து கான்ஃபிக்_என்எஃப்எஸ்டி என்று தேடுங்கள். சமக்குறிக்குப் பக்கத்தில் எம் (தேவைப்படும்போது ஏற்றப்படும் மாட்யூல்) அல்லது ஒய் (கெர்னலோடு சேர்ந்தே இருப்பது) இருந்தால் நேராகப் படி 4-க்குப் போய்விடலாம். டெபியன் தரும் கெர்னலில் அது எம் என்றே இருக்கும்.

படி 1: பழைய கான்ஃபிக்

மூல நிரலை (சோர்ஸ்) இறக்கி விரித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பழைய கான்ஃபிக் கோப்பை அங்கே நகலெடுத்து 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கொடுங்கள்.

நான் அதோடு நிற்கவில்லை. பெட்டி பழையது, எல்லா மாட்யூலையும் கம்பைல் செய்தால் விடிந்துவிடும் என்று 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கொடுத்தேன். இது அந்த நேரத்தில் நினைவகத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அணைத்துவிடும். என்எஃப்எஸ் சர்வர் அப்போது ஓடவில்லை. ஆகவே அதுவும் போய்விட்டது, ஒரு வார்த்தை எச்சரிக்கை இல்லாமல்.

படி 2: மெனுவில் தேடுவது

இந்தத் தேர்வுகளை மாற்ற எனக்குப் பிடித்தது 'மேக் மெனுகான்ஃபிக்'தான். எக்ஸ்கான்ஃபிக் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் திரை இல்லாத பெட்டியில் எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு கணினியிலிருந்து வேலை செய்பவர்களுக்கு அது தோதுப்படாது.

'ஃபைல் சிஸ்டம்ஸ்', அதற்குள் 'நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்ஸ்'. முதலில் கண்ணில் படுவது 'என்எஃப்எஸ் கிளையன்ட் சப்போர்ட்'. நான் அதை எம் ஆக்கிவிட்டு, என்எஃப்எஸ் வந்துவிட்டது என்று வெளியே வந்தேன். ஒரு ராத்திரி முழுக்கக் கம்பைல் ஓடியது. காலையில் சர்வரைத் தொடங்கினால், 'என்எஃப்எஸ்டி' என்ற கோப்பு முறைமையே எனக்குத் தெரியாது என்றது மவுன்ட் கட்டளை.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். டெபியனில் 'என்எஃப்எஸ்-கெர்னல்-சர்வர்' பொதியை நிறுவினால் சர்வர் வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கோப்பைப் படித்துக் கொடுப்பது கெர்னலுக்குள் ஓடும் என்எஃப்எஸ்டி இழைகள். பொதியில் வரும் கருவிகள் எந்த அடைவை யாருக்குக் கொடுக்கலாம் என்று கெர்னலிடம் சொல்வதோடு சரி. கெர்னலில் அந்தப் பகுதி இல்லையென்றால் பொதியை எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை.

கிளையன்ட் என்பது கோப்பை வாங்கும் பக்கம் மட்டும்; அதற்கும் அதன் துணை வரிகளுக்கும் கீழே 'என்எஃப்எஸ் சர்வர் சப்போர்ட்' தனியாக இருக்கிறது. அதை எம் ஆக்கினால்தான் அதற்குள்ளிருக்கும் வரிகள் தெரியும். கண்ணில் படவில்லையென்றால் சாய்கோட்டை அழுத்தி என்எஃப்எஸ்டி என்று தேடுங்கள். அது எங்கே இருக்கிறது, எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும்.

துணை வரிகளில் 'பதிப்பு 4' என்பதை அவசியம் ஒய் ஆக்குங்கள். உதவிக் குறிப்பைப் படித்தால், சந்தேகமிருந்தால் 'என்' (வேண்டாம்) கொடுங்கள் என்றிருக்கும். அதைக் கேட்க வேண்டாம். பதிப்பு 4-க்கு 2049 என்ற ஒரே போர்ட் போதும். பதிப்பு 3 என்றால் 111 என்ற போர்ட்டும் மவுன்ட்டி என்ற சேவையின் போர்ட்டும் திறந்திருக்க வேண்டும். ஃபயர்வாலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பதிப்பு 2 வழக்கொழிந்தது, தொடாதீர்கள். பிஎன்எஃப்எஸ் லேஅவுட் வரிகள் பெரிய ஸ்டோரேஜ் வைத்திருப்பவர்களுக்கு.

படி 3: கம்பைல்

'மேக் பின்டெப்-பிகேஜி' கொடுங்கள். டெப் கோப்பாக வருவதால் பிறகு நீக்குவது சுலபம். மாட்யூல்களை நிறுவ மறக்கவும் வழியில்லை. நடுவில் கரண்டு போனால் பதற வேண்டாம், அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

வந்த டெப் கோப்பை நிறுவி, புதிய கெர்னலில் பூட் ஆனதும் 'யூநேம் -ஆர்' பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சர்வரைத் தொடங்கி, ப்ராக் அடைவில் எஃப்எஸ், அதற்குள் என்எஃப்எஸ்டி, அதற்குள் 'வெர்ஷன்ஸ்' என்ற கோப்பைப் படியுங்கள். +3 +4 +4.1 +4.2 என்று வந்தால் சரி.

படி 4: எக்ஸ்போர்ட்ஸ்

ஈடிசி அடைவில் உள்ள எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஒரே வரி: அடைவின் பாதை, ஓர் இடைவெளி, 192.168.1.0/24, அதை ஒட்டியே அடைப்புக்குறிக்குள் 'ஆர்டபிள்யூ,சிங்க்,நோ_சப்ட்ரீ_செக்'. உள்ளே காற்புள்ளி மட்டும், இடைவெளி வேண்டாம். முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் இடைவெளி விட்டால் எழுதும் உரிமை உலகத்துக்கே போய்விடும், உங்கள் நெட்வொர்க்குக்குப் படிக்கும் உரிமை மட்டும் மிஞ்சும். அப்புறம் 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ'.

பின்சேர்க்கை: ஓமலூரிலிருந்து ஒரு வாசகர், கம்பைல் சான்றிதழ் கோப்பு இல்லை என்று நின்றுவிடுவதாக எழுதியிருந்தார். டெபியன் கான்ஃபிக்கை நகலெடுத்தால் இது வரலாம். கான்ஃபிக் கோப்பில் சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ் வரியில் மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதை அழித்து வெறுமையாக விடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: ஏற்காட்டில் காபி எஸ்டேட் அலுவலகம் ஒன்றில் இதைச் செய்து பார்த்தவருக்கு எல்லாம் திறக்கிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை. சாதாரண அமைப்பில் என்எஃப்எஸ் பயனர் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கும். அவருடைய எண் சர்வரில் 1000, கணினியில் 1001. 'ஐடி' கட்டளையை இரண்டு பக்கமும் கொடுத்துப் பாருங்கள். வேறுபட்டால் 'யூசர்மாட் -யூ' கொண்டு ஒன்றாக்குங்கள். வீட்டு அடைவுக்கு வெளியே இருக்கும் கோப்புகளின் உரிமையை நீங்களேதான் 'சௌன்' கொடுத்து மாற்ற வேண்டும்.