தனி ஊசலைத் திரையில் ஆட்டிக் கற்பித்தல்: பாவனையாக்கத்தைப் புதிதாகப் பயன்படுத்தும் ஆசிரியர்களுக்கு

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002ஆம் ஆண்டு தொடங்கிய ஃபெட் (PhET) திட்டம், அறிவியல் பாடங்களுக்கான கணினிப் பாவனையாக்கங்களை, அதாவது சோதனைகளைத் திரையில் போலச்செய்து காட்டும் ‘சிமுலேஷன்’களை, இலவசமாக வழங்கி வருகிறது. அவற்றுள் ‘பெண்டுலம் லேப்’ என்னும் தனி ஊசல் (நூலில் தொங்கி ஆடும் குண்டு) பாவனையாக்கத்தைக் கொண்டு ஒரு வகுப்பை எப்படி நடத்தலாம் என்று பார்ப்போம்.

முதலில், பாவனையாக்கத்தை முந்தைய நாளே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஒரே ஒரு கணினி இருந்தாலும் போதும். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் மாணவர்கள் விருப்பம்போல் ஆட்டிப் பார்க்கட்டும்.

அடுத்ததே இவ்வகுப்பின் உயிர்நாடி என்று கருதுகிறேன். “குண்டின் நிறையை இருமடங்காக்கினால் ஊசல் விரைவாக ஆடுமா, மெதுவாக ஆடுமா, மாற்றமே இராதா?” என்று கேட்டு, ஒவ்வொருவரும் விடையைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே திரையைத் தொடுங்கள். எழுதாமல் பார்த்தவருக்கு அது வெறும் காட்சி. எழுதிவிட்டவருக்கோ தம் கருத்து பிழைபடும் கணம் மனத்தில் தைக்கிறது.

இப்போது உராய்வைச் சுழியாக்கி, இரண்டு ஊசல்களைத் தேர்ந்தெடுத்து, நீளங்களைச் சமமாக்கி, நிறைகளை மட்டும் 0.5 கிலோ, 1 கிலோ என்று வையுங்கள். இயக்கத்தை நிறுத்திவைத்து இரண்டையும் 10 பாகை இழுத்துவிட்டு, பிறகு ஓடவிட்டால் அவை ஒன்றாகவே ஆடுவதைக் காணலாம்.

பின்னர் நீளத்துக்கு வாருங்கள். ஊசல் ஒரு முறை போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு. 1 மீட்டர் நீளத்தில் 10 அலைவுகளுக்கு ஏறத்தாழ 20 நொடி ஆகும். நீளத்தை 0.25 மீட்டராகக் குறைத்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் பலர் 5 நொடி என்பார்கள். அளந்தாலோ 10 நொடி வரும். நீளம் நான்கில் ஒன்றாகும்போது நேரம் பாதியாக மட்டுமே குறைவது ஏன் என்னும் கேள்விக்கு விடையை நீங்களே சொல்லிவிடாமல், வேறு மூன்று நான்கு நீளங்களுக்கும் அளக்கச் செய்து, அலைவு நேரத்தின் வர்க்கத்துக்கும் நீளத்துக்கும் வரைபடம் வரையச் சொல்லுங்கள். நேர்க்கோடு கிடைத்ததும் வர்க்கமூலத் தொடர்பை அவர்களே கண்டுகொள்வார்கள்.

ஈர்ப்பை நிலவுக்கு மாற்றினால் அதே 1 மீட்டர் ஊசலின் 10 அலைவுகளுக்கு ஏறத்தாழ 49 நொடி ஆகும். பள்ளி ஆய்வகத்தில் எவ்வகையிலும் செய்ய இயலாத இத்தகைய சோதனைக்குத்தான் பாவனையாக்கம் பெரிதும் உதவுகிறது.

ஆனால் வகுப்பைத் திரையோடு முடித்துவிடாதீர்கள். திரையிலுள்ள ஊசல், அதனுள் எழுதப்பட்ட சமன்பாட்டுக்கே கீழ்ப்படிகிறது. அச்சமன்பாடு சரியா என்பதை உண்மையான ஊசல்தான் சொல்ல வேண்டும். ஆகவே நூலில் ஒரு கல்லைக் கட்டி, தொங்கும் புள்ளியிலிருந்து கல்லின் நடுப்பகுதிவரை 1 மீட்டர் அளந்து, 10 அலைவுகளுக்கான நேரத்தைக் குறிக்கச் செய்யுங்கள். ஒரு குழுவுக்கு 19.6 நொடியும் மற்றொன்றுக்கு 20.5 நொடியும் வந்தால், அந்த வேறுபாடு முடிச்சில் நேர்ந்ததா, நீளத்தை அளந்ததில் நேர்ந்ததா, கடிகாரத்தை அழுத்திய விரலில் நேர்ந்ததா என்று அவர்களையே தேடவிடுங்கள்.