பயோமெடிக்கல் என்எல்பி ஒர்க்‌ஷாப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மருத்துவக் குறிப்புகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் கணினியைப் படிக்க வைத்து தகவல் எடுப்பதுதான் பயோமெடிக்கல் என்எல்பி. கணினி மாடல் பக்கம் நமக்கு நல்ல பழக்கம் இருக்கிறது, மருத்துவ விஷயமெல்லாம் அங்கே போய்க் கேட்டால் புரிந்துவிடும் என்ற நினைப்போடு போவதுதான் பெரிய தவறு. டாக்டர்கள் அவசரத்தில் எழுதும் குறிப்பில் 'எம்எஸ்' என்று இருந்தால் அது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸா, இதய வால்வு சுருங்கும் மைட்ரல் ஸ்டெனோசிஸா, இல்லை மார்ஃபின் சல்பேட் என்ற வலிமருந்தா என்பது சுற்றியுள்ள வரிகளைப் படித்தால்தான் தெரியும். 'நிமோனியா இருப்பதாகத் தெரியவில்லை' என்ற வரியிலிருந்து நிமோனியாவை மட்டும் பிடித்து நோயாளியின் கணக்கில் எழுதிவிட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். இந்த மறுப்புகளைக் கண்டுபிடிக்க 2001-இல் வந்த நெக்எக்ஸ் என்ற கணினி முறை சில சொற்றொடர்களையும் எளிய விதிகளையும் மட்டுமே வைத்து வேலை செய்தது, ஆனாலும் அதற்குப் பிறகு வந்த எத்தனையோ கருவிகள் அதன் மேல்தான் எழுந்தன. அதனால் பழைய முறை பற்றிய பேச்சு வரும்போது எழுந்து காபிக்குப் போகாதீர்கள்.

அடுத்தது டேட்டா. செய்முறை அமர்வில் மிமிக்-3 என்ற மருத்துவத் தரவுத்தொகுப்பைப் பயன்படுத்துவார்கள் என்று அறிவித்திருந்தால் அன்று காலையில் டவுன்லோட் செய்துகொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள், நடக்காது. அது பாஸ்டனில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 2001 முதல் 2012 வரை இருந்த நிஜமான நோயாளிகளின் பதிவு. பெயர்களை நீக்கியிருந்தாலும் ஆராய்ச்சி நெறிமுறைப் பயிற்சியை முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அதை வெளியிடும் பிசியோநெட் தளம் அனுமதி தரும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்து இருக்கைக்காரரிடம் பென் டிரைவில் வாங்கிக்கொள்வதும், புரியாத குறிப்பை அப்படியே எடுத்து ஏதாவது ஒரு ஆன்லைன் சாட்பாட்டில் ஒட்டிக் கேட்பதும் ஒப்பந்த மீறல். அது யாரோ ஒருவர் உயிருக்குப் போராடிய நாட்களின் பதிவு, அதை அப்படித்தான் கையாள வேண்டும். அனுமதி வரவில்லையா, பப்மெட் தளத்தில் இருக்கும் மருத்துவ ஆய்வுக் கட்டுரைச் சுருக்கங்களை வைத்துப் பழகுங்கள், அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பேப்பர்களை முன்கூட்டியே படிக்காமல் போவதும் வீண். கணினி மொழியியலுக்கான ஏசிஎல் மாநாட்டோடு பெரும்பாலும் சேர்ந்து நடக்கும் பயோஎன்எல்பி ஒர்க்‌ஷாப்பின் கட்டுரைகள் எல்லாம் ஏசிஎல் ஆந்தாலஜி என்ற இணையத் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன. எல்லாவற்றையும் வேண்டாம், மூன்று நான்கு போதும், ஆனால் அவற்றில் பிழைகளை அலசும் பகுதியைத் தவறாமல் படியுங்கள்.

அப்புறம் போஸ்டர் நேரம், அதாவது ஆய்வுகளைச் சுவரொட்டியாக வைத்து விளக்கும் நேரம். நம் ஆட்களோடு மட்டும் கூட்டமாக நின்று எஃப் ஸ்கோர் (மாடல் எவ்வளவு சரியாகப் பிடிக்கிறது என்பதற்கான மதிப்பெண்) எவ்வளவு, எந்த மாடல் என்று பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அதே கூடத்தில் டாக்டர்களும் உயிரியல் ஆய்வாளர்களும் நின்றுகொண்டிருப்பார்கள், பலர் தயக்கத்தோடு. அவர்களிடம் போய் இதில் எந்தத் தவறு நடந்தால் நோயாளிக்கு ஆபத்து, எதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள். மருந்தின் அளவைத் தப்பாக எடுப்பதும் அதன் கம்பெனிப் பெயரைத் தப்பாக எடுப்பதும் ஸ்கோரில் ஒரே ஒரு பிழையாகத்தான் எண்ணப்படும், வார்டில் நிற்பவருக்கு அப்படி இல்லை.